சக்கையில் சிக்கிய சாறு: முந்திரித்தோடு, குளிர்ந்த எத்தனால், ஒரு சுழலும் கூடை

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் ஏறி, கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டி ஆண்டிமடம் பக்கம் போனீங்கன்னா, செம்மண் மேட்டில் வரிசையாக முந்திரித் தோப்புகள் வரும். இந்தப் பக்கம் பண்ருட்டி, அந்தப் பக்கம் ஜெயங்கொண்டம். நடுவில் விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம். வி.ஆர்.ஐ. என்று தொடங்குகிற முந்திரி ரகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

முந்திரி என்றதும் நமக்குப் பருப்புதான் ஞாபகம் வரும். ஆனா ஒரு கொட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தோடு. அந்தத் தோட்டின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒரு கெட்டியான பழுப்பு எண்ணெய். கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ தடவிக்கொண்டு உட்காருவது இதனால்தான். சேங்கொட்டையும் மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் புண்ணாவதற்கும் இதற்கும் காரணமான வேதிப்பொருள்கள் நெருங்கிய உறவு.

இந்த எண்ணெய்க்கு நல்ல மார்க்கெட் உண்டு. வண்டி பிரேக் லைனிங், கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட், எபாக்ஸியை இறுகச் செய்யும் பொருள், ரெசின் என்று பட்டியல் நீளும். அப்படியிருந்தும் நிறையத் தோடு அடுப்பில்தான் எரிகிறது. அதிலிருந்து எண்ணெயைக் கெடுக்காமல், கரைப்பானை வீணாக்காமல் எடுப்பது எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். சொல்லப்போனா, இது எண்ணெயைக் கரைப்பது பற்றிய கதையே இல்லை. கரைந்த பிறகு அதைச் சக்கையிலிருந்து வெளியே கொண்டுவருகிற கதை.

சூடு என்ன செய்கிறது?

பச்சைத் தோட்டில் இருக்கும் எண்ணெயில் 60 முதல் 70 சதவீதம் வரை அனகார்டிக் அமிலம். ஆஸ்பிரினுக்கு மூலமான சாலிசிலிக் அமிலம் தெரியுமில்லையா? அதன் வளையத்தில் 15 கார்பன் கொண்ட ஒரு நீண்ட வாலை ஒட்டினால் கிடைப்பதுதான் அனகார்டிக் அமிலம். மீதியில் பெரும்பங்கு கார்டால், கொஞ்சம் கார்டனால்.

பல ஆலைகளில் கொட்டையை 190, 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கிற அதே தோட்டு எண்ணெயில் முக்கி எடுப்பார்கள். தோடு வெடித்து எண்ணெய் வெளியே வரும். அந்தச் சூட்டில் அனகார்டிக் அமிலம் ஒரு கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறை உதறிவிட்டுக் கார்டனாலாக மாறிவிடும். மூலக்கூறு எடை 348 இருந்தது 304 ஆகிறது. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கு காற்றோடு போய்விடுகிறது. கூடவே கொஞ்சம் பாலிமராகித் தாராகக் கெட்டிப்படும்.

ரெசின் செய்பவருக்குக் கார்டனால்தான் வேண்டும். அவருக்குச் சூடு நல்லதே. ஆனால் அனகார்டிக் அமிலம் அமிலமாகவே வேண்டும் என்றால் சூடு ஆகாது. 2001-இல் பெங்களூரு விட்டல் மல்லையா அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஒரு முறையை வெளியிட்டார்கள். கரைப்பானால் எடுத்த தோட்டு எண்ணெயில் சுண்ணாம்பை (கால்சியம் ஹைட்ராக்ஸைடு) சேர்த்தால், அனகார்டிக் அமிலம் மட்டும் கால்சியம் உப்பாகப் படிந்துவிடும், வடிகட்டிப் பிரித்துக்கொள்ளலாம். இதற்கு முதல் தேவை, சூடு படாத எண்ணெய். அதைத் தரக்கூடிய கரைப்பான்களில் ஒன்று எத்தனால்.

இதே கதை வேறொரு செடியில்

குளிர்ந்த எத்தனால், சென்ட்ரிஃப்யூஜ் இரண்டையும் இணையத்தில் தேடினால் முந்திரி வராது, கஞ்சாதான் வரும். அது தற்செயல் இல்லை. அந்தச் செடியில் இருப்பதும் வளையமும் வாலும் கொண்ட அமிலங்களே. சூடு பட்டால் அவையும் கார்பன் டை ஆக்ஸைடை உதறும். 1839-இல் கல்கத்தாவில் வில்லியம் ப்ரூக் ஓஷானஸி என்ற மருத்துவர் கஞ்சாவைச் சாராயத்தில் கொதிக்கவைத்துப் பிசின் எடுத்து, அதை மருந்தாகச் சோதித்து எழுதினார். 2018-இல் சட்டம் மாறிய கனடாவில் ஆலைகள் கொதிக்கவைப்பதில்லை. எத்தனாலை உறைநிலைக்கு வெகு கீழே குளிரவைக்கிறார்கள். அந்தக் குளிரில் மெழுகும் பச்சையமும் அதிகம் கரையாமல் செடியிலேயே தங்கிவிடும். பிறகு பையோடு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிச் சாற்றைப் பிரிக்கிறார்கள்.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவும் அதன் பிசினும் குற்றம். ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் மாதிரி, அரசு அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே ஆய்வு நடக்கிறது. அதனால் செடியை விட்டுவிடுவோம். அங்கே தீர்த்த இன்ஜினியரிங் சிக்கலை மட்டும் நம்ம ஊர்த் தோட்டுக்குக் கொண்டுவருவோம். அந்தச் சிக்கல் இதுதான்: குளிர் ஒரு கையால் தருவதை, வடிகட்டல் மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது.

ஏன் வடிய மாட்டேங்குது?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தால் ஸ்லிப் காஸ்டிங் பார்த்திருப்பீங்க. களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். களிமண் சுவரில் படியும். அச்சைப் பிழிந்தால் தண்ணீர் வருமா? வராது. அதன் நுண்துளைகளில் நுண்புழை விசை தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. பொடித்த தோட்டுச் சக்கையும் அதே வேலையைத்தான் செய்கிறது, எத்தனாலை வைத்துக்கொண்டு.

எவ்வளவு பிடித்துவைக்கும்? பிளஸ் ஒன் ஃபார்முலாதான்: ஏறும் உயரம் = 2 × பரப்பு இழுவிசை ÷ (அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × துளையின் ஆரம்). எத்தனாலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.022 நியூட்டன், அடர்த்தி கன மீட்டருக்கு 789 கிலோ. எத்தனால் துகளை நன்றாக நனைக்கிறது என்று கொள்வோம். துகள்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள இடைவெளி என்றால் உயரம் 11 மில்லிமீட்டர். இடைவெளி அதில் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் உயரம் 11 சென்டிமீட்டர்.

இதுக்கு என்ன அர்த்தம்? உங்க புனலில் சக்கை 10 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்க. நடுவே இருக்கிற நுண்ணிய இடைவெளிகள் எதுவுமே வடியாது. ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் சரி, ஒரு வாரம் காத்திருந்தாலும் சரி. பொறுமை போதாமல் வந்த பிரச்சினை இல்லை இது. ஈர்ப்பு விசை போதாமல் வந்தது.

இதில் குளிர் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. 20 டிகிரியில் எத்தனாலின் பாகுநிலை 1.2 மில்லி பாஸ்கல்-செகண்ட். மைனஸ் 20 டிகிரியில் அது இரண்டு மடங்குக்கு மேல். வடியக்கூடிய பகுதியும் அதே விகிதத்தில் மெதுவாகத்தான் வடியும். அந்த நேரத்தில் குளிர் ஏறிச் சூடாகும், எத்தனால் ஆவியாகும். குளிரால் கிடைத்த லாபம் புனலிலேயே கரைந்துவிடும்.

சுழலும் கூடை

உயர ஃபார்முலாவில் கீழே இருக்கிற ஈர்ப்பு முடுக்கத்தைப் பாருங்க. அதை 300 மடங்கு ஆக்கிவிட்டால் 11 சென்டிமீட்டர் 0.4 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். சென்ட்ரிஃப்யூஜ் செய்வது இவ்வளவுதான்.

எத்தனை மடங்கு என்று கணக்கிட இந்த வாய்பாடு போதும்:

ஈர்ப்பின் மடங்கு = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × (நிமிடச் சுற்று)²

15 செ.மீ. ஆரம், நிமிடத்துக்கு 1,400 சுற்று: சுமார் 330 மடங்கு. 30 செ.மீ. ஆரம், 1,000 சுற்று: சுமார் 335 மடங்கு. கிட்டத்தட்ட ஒரே பலன்தான். ஆனால் இரண்டாவதில் கூடையின் விளிம்பு மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது; முதலாவதில் 79. சுற்று குறைவு என்பதால் பெரிய கூடை சாது என்று நினைச்சுடாதீங்க.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். ரத்தப் பரிசோதனை லேபில் பார்க்கிற குழாய் சென்ட்ரிஃப்யூஜ் வேற, இது வேற. குழாயில் திடப்பொருள் அடியில் படியும், திரவம் மேலே நிற்கும். நமக்கு வேண்டியது துளையிட்ட கூடை வகை: உள்ளே வடிதுணிப் பை, அதில் சக்கை; சுழன்றால் திரவம் துளை வழியே வெளியே பறக்கும். நேரில் பார்க்கணுமா? சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை, நெல்லிக்குப்பம் ஆலை மாதிரி ஒரு சர்க்கரை ஆலைக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போங்க. பாகையும் சர்க்கரைப் படிகத்தையும் பிரிப்பது இதே கூடைதான். சுழலும்போதே படிகத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுவார்கள். ஒட்டியிருக்கும் பாகை அது தள்ளிக்கொண்டு போகும். அந்த வித்தையை நினைவில் வையுங்க, பின்னாடி வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள் இவை. பொடித்த தோடு 1 கிலோ. அதில் எண்ணெய் 300 கிராம். எத்தனால் 5 லிட்டர். எண்ணெய் முழுக்கக் கரைந்துவிட்டது, மொத்தக் கரைசல் 5.3 லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 57 கிராம் எண்ணெய்.

புனலில் வடித்தால் சக்கை 1 லிட்டர் கரைசலைப் பிடித்துவைக்கிறது என்று கொள்வோம். 57 கிராம் எண்ணெய் உள்ளேயே போச்சு. மொத்தத்தில் 19 சதவீதம். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிய பிறகு கால் லிட்டர்தான் தங்குகிறது என்றால் இழப்பு 14 கிராம், 5 சதவீதத்துக்கும் கீழே.

"அதனால என்ன, இன்னொரு தடவை எத்தனால் ஊத்திக் கழுவலாமே" என்று கேட்பீங்க. கழுவலாம். சக்கையில் இருக்கும் 1 லிட்டரோடு புதுசாக 5 லிட்டர் சேர்த்து மறுபடி வடித்தால், தங்குவது 9 கிராம் வாக்கில், அதாவது 3 சதவீதம். எண்ணெய்க் கணக்கில் புனல் ஜெயித்த மாதிரி தெரியும். ஆனால் இப்போ காய்ச்சி வடிக்க வேண்டிய எத்தனால் கூடுதலாக 5 லிட்டர். 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றி ஆவியாக்க ஒரு லிட்டருக்கு சுமார் 770 கிலோ ஜூல் வேணும். 5 லிட்டருக்கு 3.9 மெகா ஜூல். ஒரு யூனிட் கரன்ட்டுக்கு மேல். ஒரே ஒரு கிலோ தோட்டுக்கு, அதுவும் வெப்ப இழப்பே இல்லாத கற்பனை உலகத்தில்! குளிரவைக்கும் செலவும் இரட்டிப்பு.

இரண்டு தடவை கழுவினாலும் சக்கை இன்னும் 1 லிட்டர் கரைப்பானை ஏந்திக்கொண்டிருக்கிறது. காயவைத்தால் அது காற்றுக்குத்தான் போகும். சென்ட்ரிஃப்யூஜ் என்றால் போவது கால் லிட்டர். எண்ணெயைவிட இந்த முக்கால் லிட்டர் வித்தியாசம்தான் தொழிலின் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கும். எத்தனாலை வாங்கிக் கட்டுப்படியாகாது; திரும்பப் பிடித்தால்தான் கட்டுப்படியாகும்.

இப்போ சர்க்கரை ஆலை வித்தை. சுழலும் சக்கையின் மேல் கால் லிட்டர் குளிர்ந்த எத்தனாலை மட்டும் மெல்லத் தெளித்தால், அது இடைவெளியில் நிற்கும் கரைசலை முன்னே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். முழுத் தள்ளல் நடக்காது, சில இடங்களில் குறுக்கு வழி பிடித்து ஓடும். இருந்தாலும் 5 லிட்டரில் ஊறவைத்துக் கழுவுகிற வேலையில் பெரும்பகுதியை இந்தக் கொஞ்சத்திலேயே முடிக்கலாம். சென்ட்ரிஃப்யூஜை வெறும் பிழியும் இயந்திரமாக மட்டும் பார்ப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

மேம்படுத்த எங்கே கை வைக்கலாம்?

முதலாவது, பொடியின் அளவு. மாவாக அரைத்தால் எண்ணெய் சீக்கிரம் கரையும். ஆனால் இடைவெளி சுருங்கும், துணி அடைபடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளில் தொடங்கி, தூசியைச் சலித்துத் தள்ளிவிடுங்க.

இரண்டாவது, வேகம் ஏற்றும் விதம். எடுத்ததும் முழு வேகம் வைத்தால் சக்கை ஒரு பக்கம் குவிந்து கூடை ஆடும். வாஷிங் மெஷினில் ஒரே ஒரு கனமான பெட்ஷீட்டைப் போட்டால் எப்படித் தடதடக்கும், அது மாதிரி. மெதுவாகச் சுழற்றிச் சமமாகப் பரப்பி, பிறகு தெளித்து, கடைசியில் முழு வேகம்.

மூன்றாவது, எங்கே நிறுத்துவது என்ற அறிவு. வேகம் கூடக் கூட சக்கையில் தங்கும் திரவம் முதலில் சடாரெனக் குறையும்; பிறகு கோடு தட்டையாகிவிடும். தட்டையான பகுதியில் மிச்சம் இருப்பது துகள்களுக்கு நடுவே உள்ள திரவம் இல்லை, தோட்டின் உள் அறைகளுக்குள் இருப்பது. அது பரவல் மூலம்தான் வெளியே வரும்; அதற்கு நேரம் வேணும், வேகம் இல்லை. அந்த வளைவுக்கு அப்பால் மோட்டாரைப் பெரிசாக்குவது காசைச் சுழற்றுவது மாதிரிதான்.

நான்காவது, எவ்வளவு குளிர்? கஞ்சா ஆலை மைனஸ் 40 என்று சொல்வதைக் கேட்டு நாமும் அங்கே ஓட வேண்டாம். அவர்கள் தவிர்க்க நினைப்பது இலையின் பச்சையமும் மெழுகும். கெட்டியான தோட்டில் பச்சையத் தொல்லை இல்லை. அமிலம் உடையாமல் இருக்க, சூடு காட்டாமல் இருந்தாலே போதும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஆவியை அடக்கத்தான் குளிர் தேவை. அதற்கு ஐஸும் உப்பும் கலந்த தொட்டி தாராளம். மைனஸ் 10 வரை இறங்கும். அடுத்து கரைப்பானைப் பிரிக்கும்போதும் வெற்றிடத்தில், குறைந்த சூட்டில் வடித்தால்தான் இவ்வளவு நேரம் காப்பாற்றியது மிஞ்சும்.

உயிர் முக்கியம்

இதைச் சிரிக்காமல் படிங்க. பழைய வாஷிங் மெஷின் ஸ்பின்னரில் எத்தனால் நனைந்த பையைப் போட்டுச் சுற்றுகிற வீடியோக்கள் உலகம் முழுக்க இருக்கு. அதைச் செய்யாதீங்க.

எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 13 டிகிரி. விருத்தாசலத்தில் மார்கழி விடியலில்கூட அறை அதற்குக் கீழே போகாது. காற்றில் 3.3 சதவீதம் ஆவி இருந்தால் போதும், எரியும். ஒரு லிட்டர் எத்தனால் முழுக்க ஆவியானால் சுமார் 420 லிட்டர் ஆவி. அது 12 கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றை எரியும் கலவையாக்கப் போதும். ஏறக்குறைய பாதி ஹாஸ்டல் ரூம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து மோட்டாரைத் தேடிப் போகும். ஸ்பின்னர் மோட்டாரும் சுவிட்சும் பொறி விடும்; நைலான் பை பிளாஸ்டிக் கூடையில் உரசினால் நிலைமின்சாரம் சேரும். வீட்டு ஃப்ரிட்ஜில் திறந்த எத்தனால் வைப்பதும் அதே ஆபத்துதான். உள்ளே பொறி விடக்கூடிய பாகங்கள் இருக்கு.

ஆலையில் இதற்குத் தீப்பொறி தடுக்கும் மோட்டார், புவி இணைப்புக் கொடுத்த உலோகக் கூடை, உள்ளே நைட்ரஜன், மூடி திறந்தால் ஓடாத பூட்டு எல்லாம் உண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எத்தனாலைச் சுழற்றக் கூடாது. தோட்டு எண்ணெய் கரைந்த எத்தனால் தோலில் இன்னும் எளிதாக ஊடுருவும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி கட்டாயம். எத்தனால் வாங்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அனுமதி வேணும். கல்லூரி வழியாகத்தான் போகணும்.

ப்ராஜெக்ட் தேடுறீங்களா?

முதல் கட்டத்தை எத்தனாலே இல்லாமல் முடிக்கலாம். டீக்கடையில் கிடைக்கும் பழைய டீத்தூளைக் கழுவி எடுத்துக்கோங்க, தண்ணீரில் ஊறவையுங்க. தண்ணீரின் பரப்பு இழுவிசை எத்தனாலைப் போல மூன்று மடங்கு. ஆகவே இது இன்னும் கடினமான பரீட்சை. ஒரு பங்கைப் புனலில் வடியுங்க. மற்றவற்றை உங்கள் மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ் லேபில் கூடை சென்ட்ரிஃப்யூஜ் இருந்தால் 50, 100, 200, 300 மடங்கு ஈர்ப்பில் சுழற்றுங்க. ஈரச் சக்கையை எடை போட்டு, காயவைத்து மறுபடி எடை போட்டால், தங்கிய தண்ணீர் தெரிந்துவிடும். ஈர்ப்பு மடங்கை ஒரு அச்சிலும் தங்கிய அளவை மறு அச்சிலும் வைத்து வரையுங்க. கோடு தட்டையாகும் இடம்தான் உங்க டிசைன் பாயின்ட். அடுத்து பொடியின் அளவை மாற்றுங்க, தெளிப்பைச் சேருங்க.

அந்த வரைபடத்தோடு ஒரு பேராசிரியர் முன்னாடி போய் உட்கார்ந்தால், "ஏன் சென்ட்ரிஃப்யூஜ்?" என்ற கேள்விக்கு உங்களிடம் எண்ணாகவே பதில் இருக்கும். அதன் பிறகு தோட்டைப் பற்றிப் பேசலாம். பண்ருட்டிப் பக்கம் போய் ஒரு கோணி தோடு கேட்டீங்கன்னா, எதுக்குன்னு ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். சொல்லிட்டு வாங்க.